எத்தனை நாள் நின்ற வண்டி?

டெக்சாஸில் வளைகுடாக் கடலோரம் ஒரு சின்ன விமான நிலையம். 2019 ஜூன். விற்பவர் ஹேங்கர் கதவைத் தள்ளித் திறந்ததும் நானும் நண்பரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. உள்ளே வெள்ளை வெளேரென்று டைமண்ட் டிஏ40 என்ற நாலு இருக்கைச் சிறு விமானம் நின்றது. நீண்டு மெலிந்த இறக்கைகள், முட்டை ஓடு போல வளைந்த கண்ணாடிக் கூரை, முன்னால் இரண்டு பெரிய திரைகள். 2004-இல் செய்தது. பதினைந்து வருடத்தில் மொத்தம் 610 மணி நேரம்தான் பறந்திருந்தது. இருக்கைத் தோலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. விலையும் மற்றவர்கள் கேட்டதைவிடக் குறைவு. திரும்பும் வழியில் காரிலேயே முன்பணம் அனுப்புவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம்.

அன்று இரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். அப்பா முப்பத்தொரு வருடம் அரசுப் போக்குவரத்துக் கழக டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். "610 மணி நேரம்தான் ஓடியிருக்குப்பா. புதுசு மாதிரியே இருக்கு" என்றேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஓடினது இருக்கட்டும் தம்பி. எத்தனை நாள் நின்னுச்சு?"

என்னிடம் பதில் இல்லை. போனை வைத்துவிட்டு, விற்பவர் அனுப்பியிருந்த லாக்புக், அதாவது விமானத்தின் பதிவேட்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி மூன்று வருடத்தில் அந்த விமானம் பறந்தது வெறும் 11 மணி நேரம். மீதி நாளெல்லாம் உப்புக்காற்றில் நின்றிருந்தது.

அந்தக் கதைக்குத் திரும்பி வருகிறேன். முதலில் நாங்கள் யார், எதற்காக வாங்கினோம் என்று சொல்லிவிடுகிறேன். நான் டாலஸுக்கு வடக்கே இருக்கும் புறநகரில் குடும்பத்தோடு இருக்கிறேன். 2014-இல் பைலட் உரிமமும், 2017-இல் மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறப்பதற்கான தகுதியும் வாங்கினேன். ஐந்து வருடம் வாடகை விமானம்தான். வாடகை விமானத்தை வெள்ளி மாலை எடுத்துக்கொண்டு போய் ஞாயிறு திரும்பி வருவது கஷ்டம். இங்கே பல இடங்களில், இரவு தங்கினால் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரத்துக்குக் குறையாமல் காசு கட்ட வேண்டும் என்று விதி வைத்திருப்பார்கள். வார இறுதிகளை மாணவர்கள் முன்பே பதிவு செய்திருப்பார்கள். எங்கள் பயணமோ பெரும்பாலும் ஹூஸ்டன் பக்கம். பியர்லாண்ட் மீனாட்சி அம்மன் கோயில், என் மனைவியின் அக்கா வீடு, அப்புறம் சில நண்பர்கள். காரில் போனால் ஐந்து மணி நேரம். மக்கின்னி விமான நிலையத்திலிருந்து பியர்லாண்ட் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 230 கடல் மைல். டிஏ40-இல் ஒன்றே முக்கால் மணி நேரம்.

நம் ஆட்கள் என்னிடம் அதிகம் கேட்பது விசாவைப் பற்றித்தான், அதனால் அதைத் தெளிவாகச் சொல்கிறேன். அமெரிக்கக் குடிமகன் இல்லாதவர் பறக்கக் கற்கவே போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டிஎஸ்ஏ-விடம் அனுமதி வாங்க வேண்டும். கிரீன் கார்டு இருந்தாலும் இது பொருந்தும். அனுமதி கிடைக்கிறது, ஆனால் கட்டணமும் கைரேகையும் உண்டு. விமானத்தைப் பதிவதற்கு விதி வேறு. குடிமக்கள் பெயரிலும் கிரீன் கார்டு வைத்திருப்பவர் பெயரிலும் பதியலாம். எச்1பி-யில் இருப்பவர் தன் பெயரில் பதிய முடியாது. குடிமகன் ஒருவர் டிரஸ்டியாக இருக்கும் டிரஸ்ட் வழியாகப் பதிவது அவர்களுக்குச் சட்டப்படி உள்ள ஒரு வழி, அதற்கு வருடச் செலவு தனி. நான் குடிமகன், நண்பரிடம் அப்போது கிரீன் கார்டு. இரண்டு பேரும் சேர்ந்து எல்எல்சி என்ற வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம் தொடங்கலாம் என்று ஒரு வழக்கறிஞரிடம் போனோம். எல்எல்சி பெயரில் பதிய வேண்டுமானால் வாக்குரிமையில் 75 சதவீதம் குடிமக்கள் கையில் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். எங்களுடையது பாதிப் பாதி. அதனால் இணை உரிமையாளர்களாக இருவர் பெயரிலும் நேராகப் பதிந்தோம். எல்எல்சி இருந்தால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். விமானத்தை ஓட்டியவர் செய்த தவறுக்கு அவரே பொறுப்பு, எல்எல்சி அவரைக் காப்பாற்றாது. அதற்குக் காப்பீடுதான் வழி.

எந்த விமானம் என்பதில் எங்களுக்குள் இரண்டு மாதம் பேச்சு ஓடியது. என் மனைவி ஆரம்பத்திலேயே கேட்டாள், "பாராசூட் இருக்கிற விமானம் ஒண்ணு இருக்காமே, அதை ஏன் வாங்கக் கூடாது?" நியாயமான கேள்வி. சிரஸ் விமானங்களில் முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட் உண்டு. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான ஆலன் கிளாப்மையர் 1985-இல் நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதி உயிர் தப்பியவர். மற்ற விமானத்தில் இருந்தவர் இறந்துபோனார். அந்தப் பாராசூட்டுக்குப் பின்னால் அந்த நாள் இருக்கிறது. அதனால் சிரஸின் எஸ்ஆர்22-ஐ நாங்கள் மனதாரப் பார்த்தோம். 310 குதிரைத்திறன், டிஏ40-ஐவிட 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) வேகம் கூடுதல். ஆனால் மணிக்கு 16, 17 கேலன் குடிக்கும். பத்து வருடத்துக்கு ஒருமுறை பாராசூட்டை மாற்றியாக வேண்டும், அதற்கே பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகும். எங்கள் பட்ஜெட்டில் கிடைத்த எஸ்ஆர்22 எல்லாம் அந்த மாற்றத்தை நெருங்கிக் கொண்டிருந்தன.

டிஏ40-இல் பாராசூட் கிடையாது. அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது என்று மனைவியிடம் உட்கார்ந்து விளக்கினேன். இறங்கும் நிலையில் 49 நாட் வரைக்கும் மெதுவாகப் பறக்கும். வேகம் எவ்வளவு குறைவோ, வயலில் இறங்க நேர்ந்தால் அடியும் அவ்வளவு குறைவு. எரிபொருள் தொட்டிகள் இறக்கைக்குள் இரண்டு உத்தரங்களுக்கு நடுவே பத்திரமாக இருக்கின்றன, இருக்கைகள் 26 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 26 மடங்கு அதிர்ச்சியைத் தாங்கும்படி செய்தவை. எஞ்சின் 180 குதிரைத்திறன் லைகோமிங், மணிக்கு ஒன்பது, பத்து கேலன். அவள் முழுதாகக் கேட்டுவிட்டு, "சரி, ஆனா நீங்க வருஷா வருஷம் ட்ரெய்னிங் போகணும்" என்றாள். ஆறு வருடமாகப் போகிறேன். வருடத்துக்கு இரண்டு நாள், ஒரு பயிற்றுநரோடு, எஞ்சினைக் குறைத்துவிட்டு இறங்கும் பழக்கத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறேன்.

விமானம் வாங்க நினைப்பவர்கள் திரையையும் வேகத்தையும் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து எடைக் கணக்குப் போட வேண்டும். நாலு இருக்கை இருக்கிறது என்பதற்காக நாலு பேரும் முழு எரிபொருளும் பெட்டிகளும் ஏற்றிவிட முடியாது. எங்கள் விமானத்தின் கணக்கு இது: வெறும் எடை 1,790 பவுண்டு. புறப்படும்போது அதிகபட்சம் 2,646 பவுண்டு இருக்கலாம். ஆக 856 பவுண்டுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். தொட்டி நிறைய 50 கேலன் போட்டால் அதுவே 300 பவுண்டு. மீதி 556. நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அப்போது சேர்ந்து 435 பவுண்டு. 121 பவுண்டு பாக்கி என்று சந்தோஷப்பட முடியாது, பின்னால் சாமான் வைக்கும் இடத்துக்கு 66 பவுண்டுதான் அனுமதி. இருந்தாலும் எங்களுக்குப் போதும்.

பிள்ளைகளுக்குப் பதிலாக அப்பாவும் அம்மாவும் வந்தால் கணக்கு மாறுகிறது. நாலு பெரியவர்களும் சேர்ந்து 612 பவுண்டு, பையெல்லாம் 40. எரிபொருளுக்கு 204 பவுண்டு, அதாவது 34 கேலன். பியர்லாண்ட் போக 18 கேலன் போதும், மிச்சம் இருப்பது ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தாங்கும். போகலாம். சான் அன்டோனியோவைச் சுற்றிக்கொண்டு ஒரே மூச்சில் போகலாமா என்றால், வேண்டாம். இப்படி நீங்கள் நிஜமாகப் போகப்போகிற நாலு பயணங்களை, நிஜமாக வரப்போகிற ஆட்களின் எடையோடு எழுதிப் பாருங்கள். அதிகம் விற்பனைக்கு வரும் பல விமானங்கள் அந்தத் தாளிலேயே கழிந்துவிடும். வீட்டில் எல்லோரையும் கைப்பையோடு எடை மெஷின் மேல் ஏறச் சொல்லுங்கள். கேட்டுச் சொல்லும் எடை ஐந்து பவுண்டாவது குறையும்.

சரி, அந்தக் கடலோர விமானத்துக்கு வருகிறேன்.

வாங்குவதற்கு முன் சோதனை செய்ய ஒரு மெக்கானிக்கை நாங்களே அமர்த்தினோம். இதில் இரண்டு விஷயத்தில் உறுதியாக இருக்க வேண்டும். அந்த மெக்கானிக் அதற்கு முன் அந்த விமானத்தில் வேலை செய்தவராக இருக்கக் கூடாது. குறை தெரிந்தால் யார் செலவு, எந்த நிலையில் முன்பணம் திரும்பி வரும் என்பதெல்லாம் சோதனைக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். நாங்கள் எழுதி வாங்கியிருந்தோம், அதனால்தான் தப்பித்தோம்.

சிலிண்டர் அழுத்தச் சோதனையில் நாலுமே நன்றாக இருந்தன. 80-க்கு 75, 76 என்று. விற்பவர் சிரித்துக்கொண்டே எங்களுக்குக் காபி வாங்கி வந்தார். பிறகு மெக்கானிக் ஆயில் ஃபில்டரைக் கழற்றினார். டின் திறப்பது போன்ற ஒரு கருவியால் அதன் மூடியைச் சுற்றி வெட்டி, உள்ளே விசிறி மடிப்பாக இருந்த காகிதத்தை எடுத்து மேசை மேல் நீளமாக விரித்தார். ஆயில் வடிந்ததும் அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துப் பிடித்தார். மடிப்புகளுக்கு நடுவே பொடிப்பொடியாக மின்னியது. ஒரு காந்தத்தை பாலித்தீன் பையில் சுற்றி அதன் மேல் மெதுவாக இழுத்தார். பையில் சாம்பல் நிறத்தில் மயிரிழை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. இரும்பு.

விற்பவரின் அனுமதியோடு ஒரு சிலிண்டரைக் கழற்றினார்கள். உள்ளே விளக்கடித்து, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டான கேம் ஷாஃப்டின் முட்டுகள் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டியவை. அதில் ஒன்றின் நுனி முழுக்க அம்மைத் தழும்பு.

இந்த வகை எஞ்சின்களில் கேம் ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஆயில் தெறித்துத்தான் அது நனையும். நிறுத்தி வைத்தால் சில வாரத்தில் ஆயில் வழிந்து இரும்பு வெறுமையாகிவிடும். ஈரக்காற்று பட்டால் துரு பிடிக்கும். மறுபடி ஓட்டும்போது அந்தத் துரு உரிந்து குழியாகி, துகள் ஆயிலில் கலந்து எஞ்சின் முழுக்கச் சுற்றும். எஞ்சினைக் கழற்றி முழுதாகப் பிரித்தால்தான் சரி செய்ய முடியும். முப்பதாயிரம் டாலருக்குக் குறையாது என்றார் மெக்கானிக். விற்பவர் பத்தாயிரம் குறைக்கிறேன் என்றார். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம். சோதனைக்குக் கொடுத்த 1,300 டாலர் போனது. அந்தப் பணத்தைப் போல நல்லபடி செலவானது எதுவும் இல்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

அப்பாவிடம் சொன்னதும் அவர் ஆச்சரியப்படவே இல்லை. "டிப்போவிலே ஸ்பேர் பஸ்ஸுன்னு மூலையிலே நிறுத்துவாங்க பாரு, அதுதான் ரோட்டிலே நிக்கும்" என்றார்.

அதற்கப்புறம் எங்கள் தேடல் மாறியது. குறைந்த மணி நேரத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, லாக்புக்கில் மாதா மாதம் பதிவு இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தோம். வேறொரு விமானத்தின் லாக்புக்கில் ஒரே தேதியில் புது ப்ரொப்பெல்லர், புது முன்சக்கரக் கால் என்று இருந்தது, காரணம் எழுதவில்லை. ப்ரொப்பெல்லர் தரையில் அடித்தால் எஞ்சினைப் பிரித்துச் சோதிக்க வேண்டும், அந்தப் பதிவையும் காணோம். கேட்டபோது பதில் மழுப்பலாக வந்தது. விட்டுவிட்டோம்.

செப்டம்பரில் அரிசோனாவில் ஒன்று கிடைத்தது. 2008-இல் செய்தது, 1,240 மணி நேரம் ஓடியது. உரிமையாளர் அதைச் சில வருடம் ஒரு பயிற்சிப் பள்ளிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். இருக்கைகள் நைந்து போயிருந்தன, கதவோரத்தில் பெயிண்ட் உரிந்திருந்தது. ஆனால் பதினொரு வருடத்தில் ஒரு மாதம்கூட அது சும்மா நிற்கவில்லை. வறண்ட ஊர் வேறு. ஃபில்டர் சுத்தமாக இருந்தது. சிலிண்டருக்குள் விட்டுப் பார்க்கும் போரோஸ்கோப்பில் வால்வுகளில் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரே சீரான நிறம்.

டிஏ40-இன் உடலும் இறக்கைகளும் நாரிழைக் கலவையில் செய்தவை, அலுமினியத் தகடு அல்ல. அலுமினியத்தில் அடிபட்டால் நசுங்கல் தெரியும். இதில் மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளே அடுக்குகள் விட்டுப்போயிருக்கலாம். மெக்கானிக் ஒரு நாணயத்தை எடுத்து இறக்கையின் விளிம்பு, சக்கரங்கள் சேரும் இடம், வால் என்று விரல் அகலத்துக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போனார். பானை வாங்குகிறவர்கள் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்களே, அதே வேலை. நல்ல இடத்தில் கணீரென்று இருக்கும், விட்டுப்போன இடத்தில் சத்தம் செத்துவிடும். முக்கால் மணி நேரம் கூடவே நடந்து கேட்டேன். எல்லா இடத்திலும் கணீர்தான்.

திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜி1000 என்ற இந்தத் திரை அமைப்பு 2004 வாக்கில் சிறு விமானங்களில் வர ஆரம்பித்தது. பார்க்க அழகு, பறக்க சுகம். ஆனால் விமானத்தோடு சேர்த்துப் பின்னப்பட்டது, பிடிக்கவில்லை என்று கழற்றிவிட்டு வேறு கம்பெனிப் பொருளைப் போட முடியாது. ஆரம்ப காலத்து ஜி1000-இல் செயற்கைக்கோள் துணையோடு ஓடுபாதைக்கு உயரமும் காட்டி இறக்கும் வசதி கிடையாது. பிறகு சேர்க்க இருபதாயிரம் டாலர் வரை கேட்டார்கள். 2020 ஜனவரி 1 முதல் பெரிய நகரங்களைச் சுற்றிப் பறக்க, விமானம் இருக்கும் இடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவி கட்டாயம் என்பதும் அப்போது தெரிந்த விஷயம். நாங்கள் வாங்கியதில் இரண்டும் இருந்தன, நல்ல ஆட்டோபைலட்டும் இருந்தது. பழையதை மலிவாக வாங்கி இவற்றையெல்லாம் சேர்த்திருந்தால் செலவு மேலேதான் போயிருக்கும்.

2,12,000 டாலருக்கு முடித்தோம். பணம் எஸ்க்ரோ வழியாகத்தான், அதாவது நடுவில் ஒரு நிறுவனம் பிடித்துவைத்துக் கொடுக்கும் முறையில்தான் கொடுத்தோம். ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும், விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்ஏஏ-வின் பதிவகத்தில் பழைய கடன் ஏதும் அந்த விமானத்தின் மேல் இருக்கிறதா என்று எஸ்க்ரோ நிறுவனமே தேடிச் சொல்லிவிடும். பதிவுக் கட்டணம் வெறும் ஐந்து டாலர். நிஜச் சான்றிதழ் தபாலில் வரும் வரை விண்ணப்பத்தின் இளஞ்சிவப்புப் பிரதியை விமானத்தில் வைத்துக்கொண்டு நாட்டுக்குள் பறக்கலாம் என்பது அப்போதைய நடைமுறை. காப்பீட்டுக்காரர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். இந்த வகை விமானத்தில் பயிற்றுநரோடு பத்து மணி நேரம் பறந்த பிறகுதான் தனியாக எடுக்கலாம். காப்பீட்டில் இன்னொன்றும் கவனியுங்கள். பத்து லட்சம் டாலர் என்று பெரிதாகப் போட்டிருக்கும். அடுத்த வரியில் 'ஒரு பயணிக்கு ஒரு லட்சம்' என்று இருக்கும். நம் பக்கத்தில் உட்காருவது நம் வீட்டுப் பிள்ளைகளும் நண்பர்களின் பிள்ளைகளும்தான். அந்த இரண்டாவது வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

அந்தப் பத்து மணி நேரத்தில் ஏழு மணி நேரம் ஊருக்குக் கொண்டுவரும் பயணத்திலேயே முடிந்தது. ஃபீனிக்ஸிலிருந்து லாஸ் குரூசஸ், அங்கே இரவு தங்கல், மறுநாள் மிட்லேண்ட் வழியாக மக்கின்னி. டெக்சாஸின் மிக உயரமான குவாடலூப் சிகரம் 8,751 அடி. அதைத் தாண்டும்போது மேற்குக் காற்று மலையைத் தாண்டி உருண்டு வந்து எங்களைத் தூக்கிப் போட்டது. பயிற்றுநர் வேகத்தைக் குறைக்கச் சொல்லி, உயரத்தைத் துரத்தாமல் இறக்கையை மட்டும் சமமாக வைத்திருக்கச் சொன்னார். சொந்த விமானத்தின் முதல் பயணத்திலேயே அந்தப் பாடம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி.

அப்பாவும் அம்மாவும் 2022-இல் வந்தார்கள். பூஜை போடாமல் அம்மா ஏறமாட்டேன் என்றார். சந்தனம் குங்குமம் வைத்து, மூன்று சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்தோம். தேங்காயை மட்டும் ஹேங்கருக்குப் பின்னால் புல்தரையில் உடைக்கச் சொன்னேன். ஓடுதளத்தில் கிடக்கும் ஒரு சில்லை ப்ரொப்பெல்லர் இழுத்து அடித்துக்கொண்டால் பல ஆயிரம் டாலர் வேலை. அப்பா இறக்கைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த குழாயில் பூச்சரத்தைச் சுற்றப் போனார். காற்றழுத்தத்தை அளந்து வேகம் காட்டும் குழாய் அது, ஒரு இதழ் அடைத்தாலும் வேகம் தவறாகக் காட்டும் என்றதும் உடனே எடுத்து, உதிர்ந்ததை எல்லாம் குனிந்து பொறுக்கினார். பிறகு அந்தக் குழாயின் ஓட்டைக்கு எதிரே முகத்தை வைத்து வெகு நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புறப்படும் முன் எரிபொருள் சோதிப்பது என் மகளின் வேலை. தொட்டியின் அடியில் சின்னக் கோப்பையை அழுத்தினால் கொஞ்சம் இறங்கும். அதை வெயிலில் பிடித்து அடியில் தண்ணீர் முத்து நிற்கிறதா, நிறம் வெளிர் நீலமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த எரிபொருளில் ஈயம் கலந்திருக்கிறது. 2023-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை இது மக்கள் நலத்துக்குக் கேடு என்று அறிவித்துவிட்டது, ஈயமில்லாத எரிபொருளுக்கு மாறும் வேலை நடக்கிறது. அதுவரை பிள்ளைகளுக்குக் கையுறை போட்டுவிடுங்கள், கை கழுவாமல் தின்பண்டம் தராதீர்கள். சோதித்ததைத் தரையில் வீசாதீர்கள்.

செலவை மறைக்காமல் சொல்கிறேன். ஆலங்கட்டி மழை பெய்யும் ஊரில் இந்த விமானத்தை வெளியே நிறுத்த முடியாது. ஹேங்கருக்குக் காத்திருப்புப் பட்டியல் உண்டு, விமானம் தேடும் முன்பே அதில் பெயர் கொடுங்கள். எங்களுக்கு ஹேங்கர், காப்பீடு, வருடாந்திரச் சோதனை, வரைபடத் தரவு எல்லாம் சேர்த்து வருடம் 13,000 டாலர். இருவரும் சேர்ந்து பறப்பது சராசரியாக 120 மணி நேரம். எரிபொருளும் ஆயிலும் பழுதும் எஞ்சின் சீரமைப்புக்கான சேமிப்பும் சேர்த்தால் மணிக்கு 200 டாலருக்கு மேல் போகிறது. வாடகை விமானம் இதைவிட மலிவு. நாங்கள் வாங்கியது பணத்தை மிச்சப்படுத்த அல்ல. நண்பர்கள் சிலர் "செலவை நாங்க கொடுத்துடறோம், கூட்டிட்டுப் போங்க" என்பார்கள். தனியார் பைலட் உரிமத்தில் ஆள் ஏற்றிக் காசு வாங்கக் கூடாது. ஒரே நோக்கத்துக்காகச் சேர்ந்து போகும்போது எரிபொருள் போன்ற செலவை ஆளுக்குச் சமமாகப் பகிரலாம், அவ்வளவுதான். பைலட் தன் பங்கைக் கொடுத்தே ஆக வேண்டும்.

2021 ஏப்ரலில் ஒரு ஞாயிறு மாலை பியர்லாண்டில் நின்றோம். வடக்கே இடிமேகங்கள் வரிசை கட்டியிருந்தன. திரையில் இரண்டு கூட்டத்துக்கு நடுவே ஒரு இடைவெளி தெரிந்தது. வானிலைப் படம் திரைக்கு வரும்போதே பல நிமிடம் பழையது, இடைவெளி அதற்குள் மூடியிருக்கலாம் என்பது படித்த பாடம். மறுநாள் பிள்ளைகளுக்குப் பள்ளி, எனக்குக் காலை ஒன்பது மணிக்கு மீட்டிங். விமானத்தைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு வாடகைக் கார் எடுத்தோம். வீடு சேர இரவு ஒன்றரை மணி. வழியெல்லாம் மின்னல். அடுத்த சனிக்கிழமை நண்பர் போய் எடுத்து வந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் திரும்பி வர வேறு வழி என்ன என்று எழுதி வைக்கிறேன். மனைவி அந்த வரியைப் படித்த பிறகுதான் கிளம்புகிறோம்.

பொதுமுடக்கத்தில் எங்கும் போக இடமில்லாத மாதங்களில்கூட நாங்கள் விமானத்தை நிறுத்தவில்லை. பத்து நாளுக்கு ஒருமுறை யாராவது ஒருவர் போய் ஒரு மணி நேரம் பறந்துவிட்டு வந்தோம். தரையில் ஓட்டி அணைத்தால் போதும் என்று சிலர் செய்கிறார்கள், அது இன்னும் கெடுதல். ஆயில் நன்றாகச் சூடாகிக் குறைந்தது ஒரு மணி நேரம் இருந்தால்தான் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் போகும்.

நாங்கள் தவறவிட்ட ஒன்று எஞ்சின் சேமிப்புக் கணக்கு. ஆரம்பத்தில் மணிக்கு 20 டாலர் எடுத்து வைத்தோம், எல்லோரும் சொல்வது அதுதான். புது எஞ்சினுக்கு அது சரி. எங்களுடையதோ வரும்போதே 1,240 மணி நேரம் ஓடியது. 2,000 மணி நேரத்தில் முழுச் சீரமைப்பு செய்யச் சொல்கிறது தயாரிப்பு நிறுவனம். கையில் இருந்தது 760 மணி நேரம். இப்போது சீரமைப்புக்குக் கேட்ட விலை, கழற்றி மாட்டும் கூலியோடு 45,000 டாலர். அதை 760-ஆல் வகுத்தால் மணிக்குக் கிட்டத்தட்ட 60 டாலர் வருகிறது. ஓடிய எஞ்சினை வாங்குபவர்கள் மீதி நேரத்தால்தான் வகுக்க வேண்டும். இன்று கணக்கு 1,960-இல் நிற்கிறது. சேமிப்பில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு 2,000-ஐத் தாண்டியும் ஓட்டச் சட்டம் இடம் தருகிறது. ஃபில்டரும் ஆயில் பரிசோதனையும் நன்றாக இருக்கும் வரை ஓட்டுவது, அதற்குள் ஆளுக்கு மாதம் 600 டாலர் போடுவது என்று நண்பரும் நானும் பேசி முடித்திருக்கிறோம்.

போன சனிக்கிழமை ஆயில் மாற்றினோம். ஃபில்டரை வெட்டி, மடிப்பை நீளமாக விரித்து, ஹேங்கர் வாசலில் வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். நண்பர் காந்தத்தைப் பையில் சுற்றி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்தார். அப்பாவுக்கு வீடியோ காலில் காட்டினோம். "இன்னும் கிட்டே கொண்டு வா" என்றார். கொண்டு போனேன். ஒன்றும் மின்னவில்லை.